வாய் மூடினால் நான், திறந்தால் நீ

சான் பெத்ரோ தெ மகோரிஸ்
4 பிப்ரவரி 1974

எலாடியோ,

கொம்பாத்ரே என்று ஆரம்பித்து அடித்துவிட்டேன். உன் மகள் நெரெய்தாவுக்கு நான் ஞானத்தகப்பன் என்று கோயில் பதிவேட்டில் இருக்கிறது, அதை யாரும் அடிக்க முடியாது. ஆனால் அந்த வார்த்தை இன்று என் கைக்கு வரவில்லை.

வெள்ளிக்கிழமை பேஸ்பால் இறுதி ஆட்டம் முடிந்ததிலிருந்து நான் வாசலைத் தாண்டவில்லை. என் மனைவி ஃபியோர்தான் ரொட்டி வாங்கப் போனாள். கடையில் ஒருவன், "என்னம்மா, சிலை வீட்டுல இருக்கா? தூசி கீசி தட்டினியா?" என்று கேட்டிருக்கிறான். பேப்பரில் வந்த படம்தான் காரணம். பந்து இரண்டாவது பேஸுக்கு மேலே பறக்கிறது, ஓட்டக்காரன் சறுக்கி வருகிறான், நான் கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்கிறேன். நீ படத்திலேயே இல்லை.

ஏழு வருடமாக இரண்டாவது பேஸுக்கு ஒரு பக்கம் நீ, ஷார்ட்ஸ்டாப், மறு பக்கம் நான், செகண்ட் பேஸ். நடுவில் இருக்கும் அந்த பேஸ் இரண்டு பேருக்கும் பொது. திருட்டுத்தனமாக ஓடி வருகிறவனைப் பிடிக்க யார் அங்கே போய் நிற்பது என்று நீதான் முடிவு செய்வாய். கையுறையை முகத்துக்குக் குறுக்கே வைத்து, எனக்கு மட்டும் தெரிகிற மாதிரி வாயைக் காட்டுவாய். "வாய் மூடினா நான், திறந்தா நீ" என்று நீதான் சொல்லி வைத்தாய். பார்த்துக்கொண்டேன் என்பதற்கு நான் தொப்பியைத் தொடுவேன். நான் தொடும்வரை நீ முகத்தைத் திருப்பக் கூடாது. இந்தத் தொப்பி யோசனை என்னுடையது. "நீ தபால் ஆபீஸ்காரன்டா, எல்லாத்துக்கும் ரசீது கேட்ப" என்று அன்று சிரித்தாய்.

கடைசி இன்னிங்ஸ். ஒரு ரன் முன்னால் இருக்கிறோம், இன்னும் ஒருவனை வெளியேற்றினால் கோப்பை நம் ஊருக்கு. நீ காட்டிய வாய் மூடியிருந்தது. நான் தொப்பியைத் தொட்டேன். பிறகு மட்டைக்காரன் பக்கம் திரும்பினேன். ஓட்டக்காரன் கிளம்பினான், கேட்சர் பந்தை எறிந்தான், பேஸில் யாரும் இல்லை. ஈரப் புல்லில் வழுக்கிக்கொண்டு பந்து வேலி வரை போனது. மூன்றாவது பேஸில் நின்றவனும் இவனும் ஓடி முடித்தார்கள், இரண்டு ரன், தோற்றோம்.

ரேடியோக்காரர் கேட்டபோது நீ சொன்னதை மறுநாள் மறுபடி ஒலிபரப்பினார்கள், என் வீட்டுச் சமையலறையில் நின்று கேட்டேன். "நான் வாயைத் திறந்துதான் காட்டினேன். அவன் போகல."

ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன். நீ வாயைத் திறந்து காட்டிய பிறகு நான் தொப்பியைத் தொட்டேனா? ஆமாம் அல்லது இல்லை, அதை மட்டும் எழுது.

நம் இருவரையும் ஜோடியாக அமெரிக்க அணியின் ஃப்ளோரிடா முகாமுக்கு அழைத்த ஆள் இன்று காலை வந்தான். என் பெயரைப் பற்றி யோசிக்க வேண்டியிருக்கிறதாம். உன் பெயரைப் பற்றி யோசிக்கவில்லை.

டெல்மோ வாட்லி


ஃப்ளோரிடா
9 மார்ச் 1974

அன்புள்ள கொம்பாத்ரே,

உன் கடிதம் இங்கே வந்து சேர ஒரு மாதம் ஆகிவிட்டது. முகாம் பெரிதாக இருக்கிறது. அரிசியும் தருகிறார்கள், பீன்ஸும் தருகிறார்கள், ஆனால் இரண்டையும் பகையாளிகள் மாதிரி தனித்தனித் தட்டில் வைக்கிறார்கள். நீ இருந்தால் சமையல்காரனிடம் சண்டைக்குப் போயிருப்பாய்.

வாயைத் திறந்துதான் காட்டினேன், டெல்மோ. கடவுள் சாட்சி. நான் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. தொப்பியைப் பற்றிக் கேட்டிருக்கிறாய். பதினோராயிரம் பேர் கத்திக்கொண்டிருந்த நேரத்தில் எது எது நடந்தது என்று யாரால் சொல்ல முடியும். ஊர் ஆறு மாதத்தில் மறந்துவிடும். அடுத்த குளிர்காலத்தில் இரண்டு நல்ல பந்தைப் பிடி, உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடுவார்கள்.

இங்கே என் பக்கத்தில் டெக்சஸ்காரன் ஒருவன் ஆடுகிறான். அவன் பேசுவது எனக்குப் புரியாது, நான் பேசுவது அவனுக்குப் புரியாது. நல்லவேளை, வாய் காட்டுவதற்கு மொழி தேவையில்லை.

ஃபியோரிடம் கேட்டதாகச் சொல். நெரெய்தாவுக்கு இரண்டு பல் முளைத்திருக்கிறதாம்.

எலாடியோ


சான் பெத்ரோ
15 நவம்பர் 1999

அன்புள்ள டெல்மோ,

உன் விலாசத்தை நெரெய்தாதான் கண்டுபிடித்தாள். நீ மோந்தே கிறிஸ்தி உப்பளத்தில் மேஸ்திரியாக இருக்கிறாய் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் நீ அவளுக்கு ஒரு வரி எழுதி வந்ததாகவும் இப்போதுதான் சொன்னாள். இருபத்தைந்து வருடமாக என் வீட்டுக்குத் தபால் வந்திருக்கிறது, எனக்குத் தெரியாமல்.

விஷயத்துக்கு வருகிறேன். ஜனவரி இருபத்திரண்டாம் தேதி, சனிக்கிழமை, மைதானத்து வாசலில் எனக்குச் சிலை வைக்கிறார்கள். வெண்கலம். ஒரு காலை மடக்கிப் பந்தை எறிகிற மாதிரி. என் முட்டி இரண்டும் போய்ப் பதினோரு வருடம் ஆகிறது, சிலைக்கு மட்டும் நல்ல முட்டி.

திறப்பதற்கு முன்னால் உள்ளே மைதானத்தில் பழைய ஆட்டக்காரர்களை அவரவர் இடத்தில் நிறுத்தப் போகிறார்களாம். உன் இடத்தில் யாரை நிறுத்துவது என்று கேட்டார்கள். யாரையும் வேண்டாம் என்றேன். நீ வர வேண்டும், டெல்மோ.

பயிற்சி கொடுப்பதையெல்லாம் ஜூன் மாதத்தோடு நிறுத்திவிட்டேன். இப்போது வீட்டில்தான் இருக்கிறேன்.

எலாடியோ


மோந்தே கிறிஸ்தி
2 டிசம்பர் 1999

எலாடியோ,

அந்த ஊருக்கு ஏற்கெனவே ஒரு சிலை இருந்தது. பஸ் ஏறும்வரை கல்லால் அடித்தது நீங்கள்தான். இப்போது வெண்கலத்தில் வாங்குகிறீர்களாம். நல்லது, வெண்கலத்தின் மேல் கல் பட்டால் சத்தமாவது வரும்.

நான் இங்கே நன்றாக இருக்கிறேன். உப்பு வெயிலில் காயும், நாங்கள் வாருவோம், மூட்டை கட்டுவோம். ஆட்டுக்கறி நன்றாக இருக்கும், இந்தப் பக்கத்து ஆடுகள் ஓரிகானோ இலையைத் தின்று வளர்கின்றன. ஃபியோருக்கு மூட்டுவலி. இந்த ஊரில் என்னைச் சான் பெத்ரோக்காரர் என்பார்கள், வேறு பெயர் கிடையாது. அந்த நிம்மதிக்காகத்தான் நாட்டின் மறு கோடிக்கு வந்தேன்.

உன் ஆட்டம் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை என்று எழுதத்தான் ஆசை. எல்லாவற்றையும் பார்த்தேன். பக்கத்துக் கடையில் டிவி இருக்கிறது. எழுபத்தாறில் ஒரு நாள், ஓட்டக்காரன் முதல் பேஸில் நிற்கிறான், நீ கையுறையை முகத்துக்கு வைக்கிறாய். வைத்தவன் எடுக்கவே இல்லை. அந்தப் பக்கத்துப் பையன் வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருக்கிறான். பந்து வீசுகிறவனையே நிறுத்திவிட்டு நீ காத்திருக்கிறாய். கடைசியில் அவன் தொப்பியைத் தொட்டான், அப்புறம்தான் நீ திரும்பினாய். கடைக்காரரிடம் "டிவியை அணைங்க" என்றேன். "ஏன் மேஸ்திரி, நம்மாளுதானே ஆடுறாரு?" என்றார். வீட்டுக்குப் போய்விட்டேன்.

அதற்குப் பிறகு பன்னிரண்டு வருடம் அதையேதான் பார்த்தேன். ஜோடி மாறினார்கள், ஐந்து பேர் என்று நினைக்கிறேன். ஐந்து பேரும் தொப்பியைத் தொட்டார்கள். அப்படிக் காத்திருக்கத் தெரிந்தவனுக்கு, ஒரு நாள் காத்திருக்கவில்லை என்பது மட்டும் நினைவில்லையா?

கடையில் போனும் இருக்கிறது. எண்ணைக் கீழே எழுதியிருக்கிறேன். தைரியம் இருந்தால் கூப்பிட்டுச் சொல்.

டெல்மோ வாட்லி


சான் பெத்ரோ
20 டிசம்பர் 1999

டெல்மோ,

போன் வேண்டாம். எழுதுகிறேன்.

நீ தொப்பியைத் தொடவில்லை. அதாவது ஒரு முறை தொட்டாய், மூடிய வாய்க்கு. அது சரி. நீ திரும்பிய பிறகு அந்த மட்டைக்காரன் காலை நகர்த்தி வைத்தான். என் பக்கம் அடிக்கப் போகிறான் என்று தோன்றியது. நான் பேஸுக்கு ஓடினால் என் இடம் காலியாகிவிடும். மனதை மாற்றினேன், வாயைத் திறந்தேன். நீ பார்க்கவில்லை. நீ பார்க்கவில்லை என்பது எனக்குத் தெரியும், உன் காதுதான் எனக்குத் தெரிந்தது. கூப்பிடலாம் என்று நினைத்தேன். கூப்பிட்டால் ஓட்டக்காரன் உஷாராகிவிடுவான். கையைத் தூக்கி ஆட்டத்தை நிறுத்தியிருக்கலாம். அரை நிமிட வேலை. பார்த்திருப்பான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவ்வளவுதான், டெல்மோ. பந்து நம் இருவருக்கும் நடுவே போனபோதே எனக்கு எல்லாம் தெரியும்.

உடை மாற்றும் அறைக்கு வெளியே ரேடியோக்காரர் நின்றார். அவருக்குப் பின்னால் ஃப்ளோரிடா ஆள். "வாயைத் திறந்துதான் காட்டினேன்" என்றேன். அது உண்மை. உண்மையாக இருந்ததால்தான் அத்தனை வருடம் தாங்கியது. வெறும் பொய்யாக இருந்திருந்தால் எண்பதிலோ எண்பத்தொன்றிலோ குடித்துவிட்டு உளறியிருப்பேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் ஆட்டக்காரர்கள் தொப்பியைத் தொடும்வரை காத்திருக்கும் அந்த வழக்கத்துக்குப் பயானோ தொப்பி என்று என் குடும்பப் பெயரையே வைத்துவிட்டார்கள். சின்னப் பையன்களுக்கெல்லாம் சொல்லித் தருகிறார்கள். ஒரு பேட்டியில், இந்தக் கவனம் யாரிடம் கற்றது என்று கேட்டார்கள். என் அப்பாவிடம் என்றேன். அப்பா கரும்பு வெட்டினவர். தலையில் ஒரு துண்டு கட்டியிருப்பார். தொப்பி போட்டே நான் பார்த்ததில்லை.

பதினான்கு வருடம் நான் நன்றாகத்தான் ஆடினேன். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் ஒவ்வொரு முறை கையுறையை முகத்துக்குக் கொண்டுபோகும்போதும் உன் காது தெரியும்.

எலாடியோ


மோந்தே கிறிஸ்தி
3 ஜனவரி 2000

எலாடியோ,

புது வருடத்தில் வந்த முதல் தபால் உன்னுடையது. ஃபியோருக்குப் படித்துக் காட்டினேன். அவள் தைத்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்துவிட்டு, அப்படியே உட்கார்ந்து அழுதாள். "இந்தக் கடுதாசிய அப்பவே போட்டிருந்தா நம்ம பொழப்பு என்னவா ஆகியிருக்கும்" என்றாள். அதற்கு நீதான் பதில் சொல்ல வேண்டும்.

வாய் விஷயத்தை இருபத்தைந்து வருடமாக எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன், அதனால் தாங்கிக்கொண்டேன். தொப்பியை உன் அப்பாவுக்குக் கொடுத்தாய் பார், அதைத்தான் தாங்க முடியவில்லை. நல்ல மனுஷர், அவரைத் திட்டவும் முடியாது.

கடிதத்தில் எழுதியது எனக்கும் ஃபியோருக்கும் போதும். ஊருக்குப் போதாது. நீ ஊருக்கு முன்னால், மைக்கில் சொன்னாய். அதே மாதிரி ஊருக்கு முன்னால், மைக்கில், உன் வாயால் சொல். அப்படிச் சொல்வதாக இருந்தால் வருகிறேன், என் இடத்தில் நிற்கிறேன். இல்லை என்றால் அந்த வெண்கலத்துக்குப் பக்கத்தில் எனக்கு என்ன வேலை.

போனில்கூடச் சொல்ல வாய் வராதவன் மைக்கில் எப்படிச் சொல்வான் என்றும் தெரிகிறது. பயந்தாங்கொள்ளி.

டெல்மோ


சான் பெத்ரோ
10 ஜனவரி 2000

டெல்மோ,

பயந்தாங்கொள்ளிதான். ஆனால் போனுக்கு அது காரணமில்லை.

ஜூன் மாதம் எனக்குப் பக்கவாதம் வந்தது. கை தப்பித்தது, கால் பரவாயில்லை. முகத்தில் இடது பக்கம் விழுந்துவிட்டது. பேசினால் வாய் முழுக்கச் சோற்றை வைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி இருக்கிறது. கடைக்காரனிடம் சீனி கேட்டேன், சோப்பு எடுத்து வந்தான். ஜாடையில் காட்டச் சொல்கிறான், அதுவும் என்னிடம். சூப் குடித்தால் பாதி சட்டைக்குப் போகிறது. வாயை மூட முடியவில்லை, டெல்மோ. இந்தப் பக்கம் எப்போதும் கொஞ்சம் திறந்தே இருக்கிறது. கண்ணாடியில் பார்த்தால் சிரிப்பு வருகிறது, சிரித்தால் இன்னும் மோசமாக இருக்கிறது.

நீ இதைத் தெரிந்துகொண்டு இரக்கப்பட்டு வந்துவிடக் கூடாது என்றுதான் எழுதவில்லை.

உனக்கு எழுதியதையே ஒரு தாளில் எழுதி நெரெய்தாவிடம் கொடுத்திருக்கிறேன். மைக்கில் அவள் படிப்பாள். முதலில் மாட்டேன் என்றாள். "இத்தனை வருஷமா என் ஞானத்தகப்பனை எங்கிட்ட இருந்து பிரிச்சது இதுதானாப்பா?" என்று கேட்டாள். ஆமாம் என்று தலையாட்டினேன். மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நான் பேசாமல் இருப்பது அவளுக்குப் பழகிவிட்டதால், அது பெரிய தண்டனை இல்லை என்று அவளே பிறகு சொன்னாள்.

உன் வாயால் என்று கேட்டிருக்கிறாய். வாய் இந்த நிலையில் இருக்கிறது. மகள் வாய் போதுமா?

எலாடியோ


மோந்தே கிறிஸ்தி
25 ஜனவரி 2000

கொம்பாத்ரே,

உன் கடிதத்துக்கு நான் பதில் போடவில்லை. போதும் என்று எழுத மனம் வரவில்லை, போதாது என்று எழுதவும் வரவில்லை. அதனால் பஸ் ஏறிவிட்டேன்.

டிக்கெட் வாங்கி, முதல் பேஸ் பக்கம், மேல் வரிசையில் உட்கார்ந்தேன். உப்பளத்து ஓலைத் தொப்பி, கண்வரைக்கும் இழுத்துவிட்டது. யாருக்கும் என்னைத் தெரியவில்லை. ஒருத்தி எண்ணெயில் பொரித்த ஜானி கேக் ரொட்டி விற்றுக்கொண்டு வந்தாள், இரண்டு வாங்கினேன். அந்த ருசி மாறவில்லை.

நெரெய்தா மைக்கின் முன்னால் வந்ததையும், தாளைப் பிரித்ததையும் பார்த்தேன். நீ அந்தத் தாளை அவள் கையிலிருந்து வாங்கிச் சட்டைப் பையில் வைத்ததையும் பார்த்தேன். மறுபடியும் ஏமாற்றப் போகிறாய் என்று நினைத்துவிட்டேன், மன்னித்துவிடு. பிறகு நீயே மைக்கைப் பிடித்துப் பேச ஆரம்பித்தாய்.

ஒருவருக்கும் ஒன்றும் புரியவில்லை. என் பக்கத்தில் இருந்த இளவட்டம், "என்னய்யா சொல்றாரு இவரு?" என்றான். எனக்குப் புரிந்தது. ஏழு வருடம் உன் வாயைப் பார்த்தே பிழைத்தவன் நான். "எழுபத்திநாலு ஃபைனல்ல தப்பு தன்னோடதுதான்னு சொல்றாரு" என்றேன். "எந்தத் தப்பு?" என்றான். சொன்னேன். முன் வரிசையில் இருந்தவர்கள் திரும்பி, "சத்தமா சொல்லுங்க பெரியவரே, எங்களுக்கும் கேக்கட்டும்" என்றார்கள். நீ ஒரு வார்த்தை சொல்ல, நான் ஒரு வார்த்தை சொன்னேன். "அவன் திரும்பிட்டான், நான்தான் அப்புறம் மாத்தினேன்." "அவன் தொப்பியைத் தொடல." "தொப்பி யோசனை எங்கப்பாவோடது இல்ல, டெல்மோ வாட்லியோடது." என் பெயரை என் வாயால் அத்தனை சத்தமாகச் சொல்லி எவ்வளவோ காலம் ஆகிவிட்டது.

நம் வயதுக்காரர் ஒருவர் கீழே இருந்து கேட்டார். "அந்தச் சிலையா? அவன் செத்துட்டான்னு கேள்விப்பட்டேனே."

"சாகல."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"உப்பு மூட்டை கட்டறான்."

"அவன் ஊரை விட்டுப் போன அன்னிக்கு நான் அவன் பஸ் மேல கல்லு எறிஞ்சேன்" என்றார். பிறகு வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். எனக்குக் கோபம் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. அவருக்கு ஒரு ஜானி கேக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார்.

பேசி முடித்து, நெரெய்தா கையைப் பிடித்துக்கொண்டு உன் பழைய இடத்துக்கு நடந்தாய். காலியாக இருந்த என் இடத்தைப் பார்த்தாய். கையுறையை முகத்துக்குக் குறுக்கே வைத்தாய். வைத்தவன் எடுக்கவில்லை. பேண்டு வாசித்து முடித்துவிட்டார்கள். மேயர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். "வெயில் தலைக்கு ஏறிடுச்சு பாவம்" என்று யாரோ சொன்னார்கள். நீ அப்படியே நின்றாய்.

இறங்கி வந்திருக்கலாம். நாற்பது படிதான். கால் வரவில்லை. சிலை என்று சும்மாவா சொன்னார்கள்.

ஆனால் இருந்த இடத்திலிருந்தே தொப்பியைத் தொட்டேன், எலாடியோ. எழுந்து நின்று தொட்டேன். அந்த நேரம் உன் முகம் எங்கள் பக்கம் திரும்பின மாதிரி இருந்தது. பிறகு நெரெய்தா உன் கையைப் பிடித்து இறக்கினாள்.

பார்த்தாயா? ஆமாம் அல்லது இல்லை, அதை மட்டும் எழுது.

டெல்மோ


சான் பெத்ரோ
31 ஜனவரி 2000

கொம்பாத்ரே,

இல்லை.

பார்த்தேன் என்று எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். உனக்குச் சந்தோஷமாக இருக்கும், எனக்கும்தான். பார்த்த மாதிரிதான் இருந்தது என்றுகூட எழுதலாம், அதில் ஒரு எழுத்தும் பொய்யாகாது. அந்த மாதிரி உண்மையை ஒரு முறை சொல்லிவிட்டேன், போதும்.

கண்ணில் வெயில் அடித்தது. மேல் வரிசை முழுக்க ஒரே வெளிச்சம். நீ வரவில்லை என்று நினைத்துத்தான் வீட்டுக்கு வந்தேன். இரவு சாப்பிடாமல் படுத்துவிட்டேன், நெரெய்தாவைக் கேட்டுப் பார்.

ஞாயிற்றுக்கிழமை அவள் நண்டு சமைக்கிறாள். மோந்தே கிறிஸ்தி பஸ் மத்தியானத்துக்குள் வந்துவிடுமாம். ஃபியோரையும் கூட்டி வா. அந்த ஓலைத் தொப்பியைப் போட்டுக்கொண்டு வா. வாசல்வரை வந்து, என் முகத்துக்கு நேரே நின்று தொடு.

நீ போட்ட சட்டம்தான், தபால் ஆபீஸ்காரா. கையுறையை நான் இன்னும் இறக்கவில்லை.

எலாடியோ